பதினோரு பேர் வேண்டாம்னு சொல்லாத குட்டிகள்

1

இந்தக் கதை எங்கருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். ஒரு கோப்பை காப்பியில இருந்து வந்துச்சு. அந்தக் காப்பிய யாரும் குடிக்கல. யாரும் குடிக்காததாலதான் கதையாச்சு. குடிச்சிருந்தா கழுவி வச்சுட்டுப் போயிருப்பேன்.

ஆரம்பத்த நாலு தடவ எழுதிப் பாத்தேன்.

‘லிவாவின் மணல்மேடுகளின் மேல் சூரியன் தங்கத்தை உருக்கி’ (பத்தொன்பது வருஷமா இந்த வளைகுடாப் பாலைவனத்துல இருக்கேன். ஒரு நாள்கூட அது எதையும் உருக்கல. வெயில் அடிச்சுது, அவ்வளவுதான்.)

‘முஸப்பா ஒரு நல்ல மனிதர். ஆனால்’ (ஆனால் என்ன? ஒண்ணும் இல்ல. நல்ல மனுஷன். இந்த வரி எங்க போகுதுன்னு எனக்கே தெரியல.)

‘நாய் என்பது’

இது வேண்டவே வேண்டாம்.*

நாலாவதுதான் மேல நீங்க படிச்சது.

* ஏன்னா அது நாய் இல்ல, ஸலூக்கி, அரபிங்களோட வேட்டை இனம். பாக்க நாய் மாதிரி இருக்கும், நாய் மாதிரி குலைக்கும், எலும்பு போட்டா நாய் மாதிரி கடிக்கும். ஆனா நாய்னு சொன்னா எங்க முதலாளி, அர்பாப், ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசமாட்டாரு. நாய் வெளிய படுக்கும். ஸலூக்கி கூடாரத்துக்குள்ள மெத்தையில படுக்கும், அதுக்கு வம்சம் இருக்கு. அத விக்க மாட்டாங்க, குடுக்க மட்டும்தான் செய்வாங்க. நானும் இனிமே அப்படியே சொல்றேன். வேலைய விட்டு அனுப்பிட்டா கதைய எங்க உக்காந்து முடிக்கிறது?

2

ஆளுங்களச் சொல்லிடறேன், கொஞ்சம் பேருதான்.

முஸப்பா, எங்க அர்பாப். அறுபத்தஞ்சு வயசு. லிவாவுல பேரீச்சந்தோட்டம் இருக்கு. தோட்டத்துக்குப் பின்னாடி வேலி கட்டி ஸலூக்கி வளக்குறாரு. பாத்துக்கறது நான். என் பேரு மாரிக்கனி, அவருக்கு மாரி.

ஷம்லா, எங்க பொட்டை ஸலூக்கி. ஆறு வயசு. பால்ல வெந்தயம் கலந்த நிறம்.

கல்ஃபான், அர்பாப்போட அம்மா வழிச் சித்தி பையன். அவன்கிட்ட பர்ராக்னு ஒரு கடுவன் இருக்கு. ஓட்டத்துல மூணு வருஷமா முதல் பரிசு.

ஸுரூர் பெரியப்பா. எண்பது வயசு. கல்ஃபானுக்காகப் பேச வந்த பெரியவரு.

(இவரப் பத்தி ஒரு சந்தேகம் இருக்கு. பிறகு சொல்றேன்.)

டாக்டர் நிர்மீன், எகிப்துக்காரம்மா. மிருக டாக்டர்.

இதுல யாருக்கு என்ன போகப்போகுதுன்னு கேட்டீங்கன்னா, ஷம்லாவுக்கு இதுதான் கடைசிப் பருவம். இந்தத் தடவ கடுவனோட சேக்கலன்னா இனிமே சேக்கக்கூடாது, உடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சேக்கலன்னா அர்பாப்போட பாட்டன் காலத்து வம்சம் ஷம்லாவோட சரி. சேத்தா குட்டி வரும். குட்டி வந்தா யாருக்காவது குடுக்கணும்.

அந்தக் குடுக்குறதுலதான் அர்பாப் மனசு ஒடஞ்சு போயிருக்கு.

3

போன தடவ ஏழு குட்டி. அர்பாப் அதுங்களுக்குப் பேரு வைக்கல, வாங்கிட்டுப் போறவங்க வைக்கட்டும்னுட்டாரு. நான் வச்சேன். என்கிட்ட இருந்தது ஒரு அஞ்சறைப் பெட்டி. அதுல இருந்தே வச்சேன். மிளகு, சீரகம், சோம்பு, கடுகு, பட்டை, கிராம்பு, வெந்தயம்.

அந்த ரெண்டரை மாசமும் அர்பாப் தினமும் தோட்டத்துக்கு வந்தாரு. என் கூடவே தரையில உக்காந்து சாப்பிட்டாரு. குட்டிங்க போனப்புறம் வாரத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு. இத இங்க எதுக்குச் சொல்றேன்னு தெரியல. அடிச்சுடலாமான்னு பாத்தேன். இருக்கட்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவ அர்பாப் வண்டிய எடுத்துட்டு ஏழு வீட்டுக்கும் போவாரு. நாலு நல்லா இருந்துச்சு. ஒண்ணு எங்கன்னே அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியல. சீரகம் சோபாவக் கடிச்சுதுன்னு அநாதை விலங்குங்க கொட்டடியில விட்டிருந்தாங்க. வெந்தயம் ஒரு வண்டிப்பட்டறைக்குப் பின்னாடி கட்டிக் கெடந்துச்சு. கழுத்துல குட்டியில போட்ட அதே பட்டை. அத அவுக்கவே இல்ல. கழுத்து வளந்துச்சு, பட்டை வளரல.

அர்பாப் அத மடியில போட்டுக் கொண்டு வந்தாரு. எட்டு நாள் இருந்துச்சு. நான்தான் புதைச்சேன்.

அதுக்கப்புறம் யாரு வந்து குட்டி கேட்டாலும் அர்பாப் ஒரே கேள்விதான் கேப்பாரு. ‘ஏன்?’

இந்தக் கேள்விக்கு இந்த ஊர்ல யாருமே தயாரா வர்றதில்ல. ஒருத்தன் புது வண்டி நிறத்துக்குச் சரியா இருக்கும்னான். ஒருத்தன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இருக்குன்னான். ஒருத்தன் ரொம்ப நேரம் யோசிச்சு, ‘பையன் போன் பாக்குறத நிறுத்தணும்’னான். அர்பாப் அவனுக்குக் காப்பி குடுத்து, பேரீச்சம்பழம் ரெண்டு கிலோ குடுத்து அனுப்பினாரு. குட்டி தர்றேன்னு சொல்லல.

4

வியாழக்கிழமை காலையில கல்ஃபான் பர்ராக்க வண்டியில ஏத்திட்டு, ஸுரூர் பெரியப்பாவக் கூட்டிட்டு வந்தான். மஜ்லிஸ்ல, அதான் விருந்தாளிங்க கூடத்துல, கம்பளத்துல உக்காந்தாங்க. நான் காப்பி ஊத்தினேன். பெரியப்பா கோப்பைய வாங்கினாரு. குடிக்கல. தனக்கு முன்னாடி தரையில வச்சாரு.



இங்க ஒருத்தர் கோப்பைய வாங்கித் தரையில வச்சாருன்னா, கேக்க வந்தத நீ குடுக்காம இந்தக் காப்பிய நான் தொடமாட்டேன்னு அர்த்தம். பொண்ணு கேக்க வந்தா அப்படித்தான் வைப்பாங்க. ரத்தப் பகைய முடிக்க வந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரரு ‘உங்க காப்பியக் குடிங்க’ன்னா, குடுத்துட்டாருன்னு அர்த்தம். குடுக்காம விருந்தாளிய அனுப்பினா அந்த வீட்டுக்கு அசிங்கம். இத நாய்க்கு (ஸலூக்கிக்கு) யாரும் வச்சு நான் பாத்ததில்ல.

“என்ன பெரியப்பா இது, கோப்பைய வச்சுட்டீங்க?”ன்னாரு அர்பாப்.

“பொண்ணு கேட்டு வந்திருக்கோம் முஸப்பா.”

“என் பொண்ணுங்க நாலு பேருக்கும் கல்யாணம் ஆகி பேரன் பேத்தியே இருக்கு.”

“வேலிக்குள்ள ஒருத்தி இருக்காளே.”

அர்பாப் கோப்பையப் பாத்தாரு. பெரியப்பாவப் பாத்தாரு. “மாப்பிள்ளை எங்க?”

“வண்டியில. ஏசி போட்டுத்தான் வச்சிருக்கேன் அண்ணே,”ன்னான் கல்ஃபான்.

“சரி. ஏன்?”

கல்ஃபான் தயாரா வந்திருந்தான். நெஞ்ச நிமித்தினான். “நம்ம பாரம்பரியம் அண்ணே. நம்ம பாட்டன் பூட்டன் வேட்டையாடின வம்சம்…”

“உன் அப்பா வழிப் பாட்டன் மீன் பிடிச்சாரு. அப்புறம்?”

“நாளைக்கு நம்ம பிள்ளைங்க…”

“உன் பிள்ளைங்க வெளிநாட்டுல படிக்குறாங்க. பூனையக் கண்டாலே தும்முவாங்க. அப்புறம்?”

கல்ஃபான் பெரியப்பாவப் பாத்தான். பெரியப்பா காப்பியப் பாத்தாரு. காப்பி ஆறிக்கிட்டு இருந்துச்சு.

5

இப்ப அந்தச் சந்தேகத்தச் சொல்றேன். ஸுரூர் பெரியப்பான்னு ஒருத்தர் வரவே இல்ல. கல்ஃபான் தனியாத்தான் வந்தான். கோப்பைய வச்சதும் அவன்தான். ஆனா ரெண்டு பேரு மட்டும் எதிரெதிர உக்காந்திருந்தா பத்து நிமிஷத்துல சண்டை போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருப்பாங்க, கதையும் போயிருக்கும். அதனால நடுவுல ஒரு பெரியவர உக்கார வச்சேன். வேற எதுலயும் நான் கை வைக்கல, இவரத் தவிர.

வச்சது தப்பாப் போச்சு. இல்லாத ஆளு மத்தியானம் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாரு. ஒவ்வொரு வாட்டியும் நான் எழுதாததையே பேசுறாரு. நடுவுல எடுத்துடலாம்னு பாத்தேன். கோப்பை அவரு முன்னாடி இருக்கு. அவர எடுத்தா கோப்பையத் தூக்கணும், தூக்கக் கூடாது. அதனால இருக்காரு.

6

மத்தியானம் டாக்டரம்மா வந்தாங்க. பெரிய பொட்டி, பெரிய சத்தம்.

ஷம்லாவுக்கு ரத்தம் எடுத்தாங்க. பர்ராக் நெஞ்சுல குழாய வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. கண்ணு, பல்லு, இடுப்பு எல்லாம் பாத்தாங்க. பர்ராக் வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சுக்கிச்சு.

“கடுவனுக்கு இதயம் நல்லாருக்கு. பொட்டைக்கும் நல்லாருக்கு. ரெண்டும் சொந்தம் இல்ல, அதுவும் நல்லது,”ன்னாங்க. “சேக்குறதுன்னா இன்னிக்கு, இல்லன்னா நாளைக்கு. நாளைக்கு சாயங்காலத்தத் தாண்டினா என்னைக் கூப்பிடாதீங்க.”

“எத்தன குட்டி வரும் டாக்டர்?”னு கல்ஃபான் கேட்டான்.

“ஆறு, ஏழு. எட்டுன்னா அதிர்ஷ்டம்.”

“பதினொண்ணு வராதா?”

டாக்டரம்மா கையுறையக் கழட்டுறத நிறுத்தினாங்க. “ஏன் பதினொண்ணு?”

கல்ஃபான் வாயப் பொத்திக்கிட்டான். லேட்டு.

“ஏன் பதினொண்ணு?”ன்னாரு அர்பாப்பும்.

“அம்மா…”

“சித்திக்கு என்ன?”

“அம்மா பதினோரு பேருக்குக் குட்டி குடுக்குறேன்னு சொல்லிட்டாங்க அண்ணே.”

“எந்தக் குட்டிய?”

“பர்ராக்கோட குட்டிய.”

“பர்ராக்குக்கு ஏதுடா குட்டி?”

“அதுக்குத்தான் அண்ணே வந்திருக்கேன்!”

டாக்டரம்மா பொட்டியப் பூட்டினாங்க. “யா ஹாஜி, இங்க நான் சோதிச்சதுல ஸலூக்கிங்க ரெண்டும் பாஸு. மனுஷங்கள வேற யாராவது சோதிங்க,”ன்னுட்டு வண்டியேறிட்டாங்க.

7

அர்பாப்புக்கு அதுக்கு மேல பொறுக்கல. பதினோரு பேரோட நம்பரும் வாங்கினாரு. ஒவ்வொருத்தரையும் கேக்கப்போறேன்னாரு. போனைக் கம்பளத்துல கோப்பைக்குப் பக்கத்துல வச்சு, சத்தத்தக் கூட்டி வச்சாரு.

(பதினொண்ணையும் எழுதினேன். ஒம்பது பக்கம் வந்துச்சு. எல்லாம் ஒரே மாதிரி. மூணு போதும்.)

முதல் அம்மா பேரு வதீமா.

“வேணுமே! எவ்வளவு நல்ல மனசோட குடுக்குறாங்க!”

“அது சரிம்மா. உங்களுக்கு வேணுமா?”

“குடுக்கும்போது எப்படிப்பா வேண்டாம்னு சொல்றது?”

“வேண்டாம்னு சொல்லலாம்னா சொல்வீங்களா?”

அந்தம்மா குரலத் தாழ்த்திக்கிட்டாங்க. “இது கல்ஃபான் அம்மா காதுக்குப் போகாதே?”

ரெண்டாவது அம்மாவுக்கு மூச்சிரைப்பு. ரோமம் ஆகாது. ஆனா குட்டிக்கு மெத்தை வாங்கியாச்சு. பேரும் வச்சாச்சு. “வந்தா மாடியில வச்சுக்கறோம், நாங்க கீழயே இருந்துக்கறோம்,”னு சொன்னாங்க.

மூணாவது அம்மா அத நாத்தனாருக்குக் குடுக்கப்போறாங்க. நாத்தனாருக்கு வேணுமான்னு கேட்டாரு அர்பாப். “நான் குடுத்தா வேண்டாம்னா சொல்லுவா? பதிலுக்கு ரெண்டு மயில் தர்றேன்னுருக்கா.”

“உங்களுக்கு மயில் வேணுமா?”

“கடவுளே, எதுக்கு எனக்கு மயில்?”

கடைசியா சித்தியவே கூப்பிட்டாரு. கல்ஃபானோட அம்மா, மௌஸா.

“நானாவா குடுக்குறேன்னேன்?”ன்னு அவங்க எடுத்த எடுப்புலயே சண்டைக்கு வந்தாங்க. “கல்யாண வீட்டுல பர்ராக் போட்டோவக் காட்டினேன். ‘எவ்வளவு அழகு!’ன்னா ஒருத்தி. நம்ம பொருள ஒருத்தி அழகா இருக்குன்னா, ‘இது உனக்குத்தான், எடுத்துக்கோ’ன்னு சொல்லாம நான் என்ன வழியில போறவளா? பர்ராக்கக் குடுத்தா இவன் அழுவான். அதனால குட்டியக் குடுக்குறேன்னேன். அவ வேண்டாம்னா. நான் விடல. மூணு தடவ வேண்டாம்னா. நான் நாலு தடவ சொன்னேன். அதக் கேட்டுக்கிட்டிருந்த மத்தவளுகளும் அழகுன்னாளுக. அழகுன்னு சொல்லலன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லிருக்காளுக.”

“சித்தி, அதுல ஒருத்திக்குக்கூட வேண்டாமாம்.”

“அது எனக்குத் தெரியாதா? அதுக்குன்னு வாக்குல இருந்து மாறவா முடியும்?”

அர்பாப் போனை அணைச்சாரு. 

ஆக, ஷம்லா வயித்துல மரியாதை வளரப்போகுது. பதினோரு பேர் மரியாதைக்கு வாங்கி, மரியாதையா மாடியில அடைச்சு வைக்கப்போற குட்டிங்க. வெந்தயத்த வாங்கிட்டுப் போனவனும் நல்ல மரியாதைக்காரன்தான். வாசல் வரைக்கும் வந்து அர்பாப்ப வழியனுப்பினான்.

8

சாயங்காலம் காப்பியில ஒரு ஈ விழுந்துச்சு.

“மாத்திடவா?”ன்னு கேட்டேன்.

“கோப்பை தரையை விட்டு எந்திரிக்கக் கூடாது,”ன்னாரு பெரியப்பா. “எந்திரிச்சா கேட்டது ரத்து.”

“காப்பி மாறினா?”ன்னான் கல்ஃபான்.

“கேட்டது கோப்பையிலயா இருக்கு, காப்பியிலயா இருக்கு?”ன்னாரு அர்பாப். அவருக்கு அதுல ஒரு நம்பிக்கை. காப்பியோட போயிடும்னா தப்பிச்சோம்னு.

அரை மணி நேரம் வாதம் பண்ணினாங்க. கடைசியில கோப்பையிலதான் இருக்குன்னு முடிவாச்சு. தாய்ப்பால் குடிக்காத குட்டிக்குப் பால் ஊத்துறதுக்கு ஊசியில்லாத பீச்சாங்குழல் ஒண்ணு வச்சிருக்கேன். அத எடுத்துட்டு வந்து, குப்புறப் படுத்து, கோப்பையத் தொடாம ஈயோட சேத்துப் பழைய காப்பிய உறிஞ்சி எடுத்தேன். சூடா புதுசு விட்டேன். மூணு பெரிய மனுஷங்க மூச்ச அடக்கிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்பத்தான் பெரியப்பா கேட்டாரு. “எல்லாரையும் ஏன் ஏன்னு கேக்குறியே முஸப்பா. போன தடவ நீ ஏன் சேத்த?”

“அப்பா வளத்தாரு. பாட்டன் வளத்தாரு.”

“அது வழக்கம். நான் காரணத்தக் கேக்குறேன்.”

அர்பாப் பதில் தேடினாரு. கம்பளத்துல, கூரையில, கோப்பையில தேடினாரு. கடைசியில தரையில படுத்திருந்த என் மேல கண்ணு நின்னுச்சு.

“மாரி, நீதான சோறு வைக்கிறவன். உனக்கு ஏன் வேணும்?”

முதல் பிரதியில இங்க நான் எந்திரிச்சு நின்னு அரை பக்கம் பேசினேன். உயிர், பொறுப்பு, மனுஷனோட பேராசை, எல்லாம். படிச்சா எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சு. உண்மையில நான் சொன்னது இதுதான்:

“பேரீச்சம்பழம் தீந்துருச்சு அர்பாப், கொண்டுட்டு வர்றேன்.”

மனசுல இருந்தது வேற. குட்டி இருந்தா நீங்க வருவீங்க அர்பாப். தரையில உக்காந்து சாப்பிடுவீங்க. இதச் சொல்லிருந்தா, வண்டி நிறத்துக்குக் கேட்டவனோட என்னையும் சேத்துப் பேரீச்சம்பழம் ரெண்டு கிலோ குடுத்து அனுப்பிருப்பாரு. அனுப்பணும். அதுதான் சரி. ஒரு ஆளு தனியா இருக்கான்னு எட்டு உயிரப் பொறக்க வைக்கக் கூடாது.

(கதைக்கும் அதே கேள்வியக் கேக்கலாம்னு இந்த இடத்துல ஒரு பத்தி எழுதினேன். எதுக்கு இத எழுதுற, பொறந்தப்புறம் யாரு பாத்துக்கப்போறான்னு. பதில் வரல. பத்திய எடுத்துட்டேன்.)

9

வெள்ளிக்கிழமை. ராத்திரி யாரும் வீட்டுக்குப் போகல.

காப்பிய இன்னும் ரெண்டு தடவ மாத்திட்டேன். ஷம்லா வேலி ஓரமா வந்து வால ஒரு பக்கமா ஒதுக்கி நிக்குது. பக்கத்துத் தடுப்புல பர்ராக் காலையில இருந்து தண்ணியத் தொடல. நடுவுல ஒரு இரும்புக் கதவு, அதுல ஒரு தாழ்ப்பாள்.

அர்பாப் ‘குடிங்க’ன்னு சொல்லல. வெந்தயத்த மடியில போட்டுட்டு வந்தவரு எப்படிச் சொல்வாரு? ‘போங்க’ன்னும் சொல்லல. விருந்தாளிய எப்படிச் சொல்வாரு? கல்ஃபான் ‘சரி, வேண்டாம்’னு சொல்லல. அம்மா வாக்கு. பெரியப்பா (பாவம், இல்லாதவரு) தூங்கிட்டாரு.

ஜும்மாத் தொழுகைக்கு நேரமாச்சு. பள்ளிவாசல் போய் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். மூணு பேரும் கை கால் கழுவிட்டு வந்தாங்க.

செருப்பப் போட்டுக்கிட்டே அர்பாப் கேட்டாரு. என்னைப் பாக்கல. “மாரி, அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டியா?”

“போன வாரமே போட்டேன் அர்பாப்.”

“ம். நல்லது.”

கல்ஃபான், “பர்ராக்க வெயில்ல விட்டுடாத மாரி. நிழல் அந்தப் பக்கம்தான் இருக்கு போல,”ன்னான். அந்தப் பக்கம்னா ஷம்லா பக்கம்.

பெரியப்பா வண்டியில ஏறி உக்காந்து கண்ணாடிய எறக்கினாரு. “நாங்க வர்றப்ப என்ன நடந்திருக்கோ அதுதான் நடந்தது.”

இத நான் எழுதவே இல்ல. அவராச் சொன்னாரு.

வண்டி போச்சு.

10

மூணு முடிவு எழுதி வச்சிருக்கேன்.

முதலாவதுல நான் தாழ்ப்பாளத் திறக்கிறேன். எட்டு குட்டி. கதை ‘எட்டு’ங்கற சொல்லோட முடியுது. அதுக்கப்புறம் வர்றத நான் எழுதல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால், பூச்சி மருந்து, தடுப்பூசி, எட்டு வீட்டு மாடி, அதுல எந்த மாடியில எந்தக் கழுத்துல பட்டை இறுகுதுன்னு வருஷா வருஷம் போய்ப் பாக்கணும். அர்பாப்புக்கு வயசாகுது. வண்டிய யாரு ஓட்டுவா?

ரெண்டாவதுல திறக்கல. ஷம்லா சாயங்காலம் வரைக்கும் வேலி ஓரமா நிக்குது, அப்புறம் போய்ப் படுத்துக்குது. பாட்டன் காலத்து வம்சம் ஒரு மெத்தை மேல தூங்குது. அர்பாப் வாரத்துக்கு ஒரு தடவ வர்றாரு. அப்புறம் அதுவும் எதுக்குன்னு நிறுத்திடறாரு.

மூணாவதுல ஷம்லா மஜ்லிஸுக்குள்ள போய் அந்தக் காப்பிய நக்கிக் குடிச்சுடுது. கல்யாணப் பொண்ணே குடிச்சிருச்சு, இப்ப யாரு கேட்டது யாருக்குக் கெடைச்சுதுன்னு வாதம் ஆரம்பமாகுது. நாய் வாய் வச்ச பாத்திரத்த இவங்க மார்க்கப்படி ஏழு தடவ கழுவணும், கழுவினா அது நாய்னு ஒத்துக்கிட்ட மாதிரி, அதனால யாரும் கழுவ மாட்டேங்குறாங்க. எழுதும்போது நான் நல்லாச் சிரிச்சேன். ஆனா அது சிரிக்க வைக்க எழுதினது. கதவு அப்படியே கெடக்கு.

உண்மையில என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும். சொல்லப்போறதில்ல. திறந்தேன்னு சொன்னா, ‘பாவம், தனியாள்’னு தலையாட்டுவீங்க. திறக்கலன்னா, ‘எவ்வளவு பொறுப்பான மனுஷன்’னு சொல்வீங்க. ரெண்டும் கல்யாண வீட்டுல போட்டோவப் பாத்து அழகுன்னு சொன்ன மாதிரிதான். அந்த மாதிரிச் சொன்னதாலதான் நான் இங்க நிக்கிறேன்.

அதனால நீங்க வந்து நில்லுங்க. தாழ்ப்பாள் சுடும், துணியப் போட்டுப் பிடிங்க. இடது பக்கம் ஷம்லா, வலது பக்கம் பர்ராக். ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கல, உங்களத்தான் பாக்குது. திறந்தா, எந்தக் குட்டி திரும்பி வந்தாலும் உங்க வீட்டுக்குத்தான் வரும். திறக்கலன்னா, அர்பாப் மூஞ்சிய நீங்கதான் பாக்கணும்.

தொழுகை முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. மரியாதைக்காக மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க.